அஞ்சலையின் கமெண்ட்டுக்கு வந்த பதில்கள்

என் அம்மாவுக்கு, எங்கே இருந்தாலும் காது கொடுத்துக் கேட்பாய் என்ற தைரியத்தில் எழுதுகிறேன்.

அந்தப் பையன் கொலை செய்யவில்லை அம்மா. நீ சொன்னதுதான் சரி. உன் கொரியத் தொடரில் வரும் பாட்டுக்காரன் விடுதலையாகிவிட்டான். நீ பதினோராவது எபிசோடோடு போய்விட்டாய். மீதி ஐந்தையும் உன் போனிலேயே நான் பார்த்து முடித்தேன்.

நீ இருந்தபோது ஒன்றுகூடப் பார்த்ததில்லை. கண்ணாடிக் கடை வேலை முடிந்து நான் வாசலுக்கு வரும்போதே ஆரம்பிப்பாய். "இன்னிக்கு கோர்ட்ல அவன எப்டி அழ வெச்சாங்க தெரியுமா? டான்ஸ் மாஸ்டர இவன்தான் கொன்னான்னு ஊரே சொல்லுது. மூஞ்சப் பாத்தா கொன்னவன் மாரியாடி இருக்குது?" நான் செருப்பைக் கழற்றிக்கொண்டே, "கொரியாக்காரன் மூஞ்சியப் பத்தி உனக்கு என்னம்மா தெரியும்?" என்பேன். நீ சிரித்துவிட்டு உள்ளே போய்விடுவாய்.

காரியம் முடிந்து சொந்தக்காரர்கள் கிளம்பிய பிறகு வீட்டில் பேச ஆளில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் உன் போனை சார்ஜில் போட்டேன். வரிசையாகச் செய்திகள் வந்து விழுந்தன. தமிழில் டப் செய்து வரும் அந்தத் தொடருக்குக் கீழே வாராவாரம் நீ கமெண்ட் போட்டிருக்கிறாய் என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. எல்லாம் மைக்கை அழுத்திப் பேசி எழுத்தாக்கிப் போட்டவை. முற்றுப்புள்ளி கிடையாது, மூச்சு விடாமல் போகின்றன.

"அவன்தான் கொலைகாரன், எழுதி வெச்சுக்கோங்க" என்று ஒருத்தன் ஒவ்வொரு வாரமும் சொல்லியிருக்கிறான். "அழகா இருந்தா தப்பு பண்ண மாட்டாங்களா ஆன்ட்டி?" என்று ஒரு பெண் சிரித்திருக்கிறாள். நீ தனியாளாக எல்லோருக்கும் பதில் சொல்லியிருக்கிறாய். கடைசியில் செல்வி என்ற ஒருவர், கீழ்பென்னாத்தூரில் தையல் கடை வைத்திருப்பவராம், திரும்பத் திரும்பக் கேட்டிருந்தார். "அஞ்சலக்கா, எங்க போயிட்டீங்க? பன்னெண்டாவது பாத்தீங்களா?"

எனக்கு என்ன தோன்றியதோ தெரியவில்லை. பன்னிரண்டாவதைப் பார்த்துவிட்டு, "பாத்தேன். நல்லா இருந்தது." என்று உன் பேரிலேயே போட்டேன். "அக்கா வந்துட்டாங்க!" என்று அத்தனை பேருக்கும் சந்தோஷம். என்னிடம் யாராவது பேசி எத்தனை நாளாகியிருந்தது! உனக்கு வந்த பிரியம் என்று தெரிந்தும் எடுத்துக்கொண்டேன். இரண்டு வாரம் நான் நீயாகவே இருந்தேன் அம்மா.

பதினைந்தாவது முடிந்த அன்று செல்வி அக்கா எழுதினார். "நீங்க அஞ்சலக்கா இல்லியே? அக்கா எழுதுனா ஒரு புள்ளி இருக்காது. நீங்க யாரு? அக்காவுக்கு என்னாச்சு?"

பதில் எழுதுவதற்கு முன்னால், நீ போட்டதையெல்லாம் முதலிலிருந்து படித்தேன். ஏழாவது எபிசோடுக்குக் கீழே அது இருந்தது. "எப்டிக்கா இவ்ளோ நிச்சயமா சொல்றீங்க?" என்று செல்வி அக்கா கேட்க, நீ சொல்லியிருக்கிறாய்:

"நான் ரூம் கூட்டுற கெஸ்ட் ஹவுஸ்ல ஒரு வெள்ளக்காரம்மா மோதிரம் காணாம போச்சு மூணு நாளு எல்லாரும் என்னத்தான் பாத்தாங்க அப்புறம் அவங்க பைக்குள்ளயே கெடச்சிது அது போவட்டும் எம்பொண்ணு ஸ்கூல் விட்டு வந்து நீ எடுத்தியாம்மான்னு கேட்டா பாரு அன்னிக்கு சோறு எறங்கல சின்னப் பொண்ணு பயந்துட்டா அவமேல கோவம் இல்ல ஆனா செய்யாதவங்க மூஞ்சி எப்டி இருக்கும்னு எனக்குத் தெரியும் கண்ணாடில பாத்துருக்கேன்"

எனக்கும் ஞாபகம் இருக்கிறது. அப்போது ஒன்பதாம் வகுப்பு படித்தேன். நீ என் டிபன் பாக்ஸைக் கழுவப் போனாய். அதோடு மறந்துவிட்டாய் என்று நினைத்தேன். ஒரு தடவையாவது என்னைத் திட்டியிருக்கலாமே? முன்பின் தெரியாதவர்களிடம் சொன்னதை என்னிடம் ஏன் சொல்லவில்லை? சொல்ல வந்து, நான் கேட்கமாட்டேன் என்று விட்டுவிட்டாயா?

அதற்குக் கீழேயே எழுதினேன். "நான் அவங்க பொண்ணு தேன்மொழி. அம்மா எறந்துட்டாங்க. பொய் சொன்னதுக்கு மன்னிச்சிடுங்க."

சிலர் திட்டினார்கள். "செத்தவங்க பேர்ல வெளையாடுவியா?" என்று கேட்டார்கள். கேட்க வேண்டியதுதான். கடைசி எபிசோட் வந்த பிறகு, கொலைகாரன் என்று சொல்லிக்கொண்டிருந்தவன் எழுதினான்: "அக்காகிட்ட தோத்துட்டேன்னு சொல்லணும்னு இருந்தேன்."

அந்த எபிசோடைப் பற்றி அங்கே ஒரே சண்டை. பையன் மறுபடி மேடையேறிப் பாடவில்லையே என்று பாதிப் பேருக்குக் கோபம். எனக்குப் பாட்டெல்லாம் தோன்றவில்லை. ஜெயில் வாசலில் அவன் அம்மா நிற்கிறாள். அவனை ஒரு கேள்வியும் கேட்காமல் கூட்டிக்கொண்டு போகிறாள். அந்த இடத்தில் நிறுத்திவிட்டு அழுதேன்.

செல்வி அக்கா என் நம்பரை வாங்கி நேற்று போன் செய்தார். "உங்கம்மா உன்னப் பத்திதான் ஜாஸ்தி எழுதுவாங்க. ஞாயித்துக்கெழம வாம்மா. கடசி எபிசோட நான் இன்னும் பாக்கல. அக்கா இல்லாம பாக்கவே புடிக்கல."

"நான் பாத்துட்டேங்க்கா. உங்களோட இன்னொரு தடவ பாக்கறேன்" என்றேன்.

ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறுகிறேன். அந்த மோதிர நாளில் நான் உன்னைக் கேட்டதை நீ எழுதி அவருக்குத் தெரியும்; இருந்தாலும் என் வாயாலேயே சொல்வேன். இது சத்தியம். நீ எடுக்கவில்லை அம்மா. எனக்கு அன்றைக்கே தெரியும். தெரிந்தும் கேட்டேன்.

உன் ஒரே மகள்,
தேன்மொழி