புழுவும் பிள்ளையும் ஒரே அறையில்

1968 டிசம்பர் 3, செவ்வாய். தளி

விடிந்து வெகுநேரமாகியும் பனி விலகவில்லை. கிணறு தெரியவில்லை. தேங்காய் எண்ணெய் புட்டியோடு கல். தயிர் உறையாததால் பாலாகவே குடித்தாயிற்று.

குளிருக்கான ஏற்பாடுகள் எல்லாம் முடிந்தன:

– உள் அறை ஜன்னலுக்கு இரட்டைச் சாக்கு. மேலே ஒரு சாண் மட்டும் காற்றுக்கு.
– கரி அடுப்பை வாசலில் பற்றவைத்து, புகை அடங்கிக் கங்கான பிறகே உள்ளே.
– மல்பெரி இலை பறிப்பது பனி காய்ந்த பிறகு. ஈர இலை புழுவுக்கு ஆகாது.
– என் குளியல் மதியத்துக்கு மாற்றம்.
– நானும் அவரும் படுப்பது சமையலறைத் தரையில்.

வீட்டில் சூடான அறை ஒன்றே ஒன்று. அது பட்டுப்புழுவுக்கு. இந்தப் பக்கம் குளிர்காலத்தில் யாரும் புழு வளர்ப்பதில்லை. பக்கத்து வீட்டுக் கெம்பம்மா இன்றும் வந்து, "இந்தக் குளிர்ல புழு நிக்காது தாயி. பேட, பேட" என்றாள். வேண்டாம் என்பதைக் கன்னடத்தில் இரண்டு தரம்.

நிற்கும். வருஷா வருஷம் பனி இறங்கினால் இவர் பெங்களூருக்கு மில் வேலைக்குப் போய்விடுவார். தை கழிந்துதான் வருவார். இந்த வருஷம் நான்தான் போகவேண்டாம் என்று நிறுத்தினேன். புழு நின்றால் அவரும் நிற்பார்.

பிரசவத்துக்கு இன்னும் மூன்று வாரம். புழு கூடு கட்டியதும் கிருஷ்ணகிரி, அம்மா வீடு. கணக்கு சரியாக இருக்கிறது.

டிச. 5, வியாழன்

வெயில் வந்தது. பெயருக்குத்தான்.

மதிய பஸ்ஸில் அம்மா. மூட்டையோடு. சொல்லவும் இல்லை, எழுதவும் இல்லை. "ஊர்ல பொண்ணுங்க பிரசவத்துக்கு அம்மா வீட்டுக்கு வரும். நீ புழுவுக்குப் பிரசவம் பாத்துக்கிட்டு உக்காந்திருக்கே!" என் படுக்கையைப் பார்த்துவிட்டு, "புழு உள்ள, மகராசி தரையிலயா?"

கூடு கட்டியதும் வருகிறேன் என்றேன். அப்படியானால் அதுவரை நானும் இங்கேதான் என்றாள்.

ரசத்துக்குப் பெருங்காயம் தாளிக்கப் போனாள். தாளிப்பெல்லாம் கொல்லையில்தான், புழுவுக்கு நெடி ஆகாது என்றேன்.

"தாளிக்கிறதுக்குக்கூடப் புழுகிட்ட கேக்கணுமாடி?"

"ஆமாம்மா, கேக்கணும்."

டிச. 8, ஞாயிறு

மாதா கோயில் பூசைக்கு நான் போகவில்லை. வயிறு கனம். நாலாவது முறையாகத் தோலுரித்துக்கொண்டு புழுக்கள் எழுந்தன. இனிக் கடைசித் தீனி. தட்டுத் தட்டாக இலை. கொலைப்பசி!

சாப்பிட்டுப் படுத்திருந்த அம்மா திடீரென்று எழுந்து கொல்லைக்கு ஓடினாள், "ஐயோ, மழை, துணியெல்லாம்!" என்று. வெளியே நல்ல வெயில். புழு இலை தின்னும் சத்தம் அது. அவர் சிரித்த சிரிப்பில் அம்மா இரவுவரை அவரோடு பேசவில்லை.

டிச. 10, செவ்வாய்

படுத்தபடி எழுதுகிறேன். கையெழுத்து கோணல்.

பெண். நேற்று மதியம். இலை நறுக்கிக்கொண்டிருந்தேன், வலி. இங்கே பிரசவம் பார்ப்பதும் கெம்பம்மாதான். நல்லவேளை பக்கத்து வீடு. என் கணக்கு தப்பியது இந்த ஒன்றில்தான்.

பிள்ளை சின்னது. கையும் காலும் சில்லென்று இருந்தன. "கூசுக்குச் சூடு வேணும், உள்ள தூக்கு" என்றாள் கெம்பம்மா. கூசு என்றால் பிள்ளை. உள்ளே என்றால் புழு அறை.

"மாப்ள, அந்தத் தட்டையெல்லாம் தூக்கி வெளிய வைங்க" என்றாள் அம்மா. அவர் ஒரு தட்டைக் கையில் எடுத்துவிட்டு என் முகத்தைப் பார்த்தார். வெளியே வைத்தால் விடிவதற்குள் விறைத்துவிடும்.

பயந்தேன். பிள்ளையா புழுவா என்று யாராவது கேட்டால் பிள்ளைதான், அதில் யோசிக்க என்ன இருக்கிறது? ஆனால் அறை இரண்டுக்கும் போதும். "ரெண்டும் இங்கதான் இருக்கும்" என்றேன். அவர் தட்டைத் திரும்ப வைத்தார்.

சுவரோரம் தட்டுகள், நடுவில் கரி அடுப்பு, இந்தப் பக்கம் நானும் அவளும். இப்போது அவள் கால் வெதுவெதுப்பாக இருக்கிறது. பத்து தரம் தொட்டுப் பார்த்துவிட்டேன்.

டிச. 12, வியாழன்

மோசமான நாள்.

நான் கண் அசந்த நேரம், அம்மா பிள்ளையைக் குளிப்பாட்டி, தலை காய வைக்கச் சாம்பிராணிச் சட்டியோடு உள்ளே வந்துவிட்டாள். அறை முழுக்கப் புகை. இலைச் சத்தம் நின்றதில்தான் விழித்தேன். புழுக்கள் எல்லாம் தலையைத் தூக்கிக்கொண்டு நின்றன. கத்தினேன். அவர் ஓடிவந்து ஜன்னல் சாக்கைப் பிய்த்தார். பனிக்காற்று. பிள்ளையைப் புடவைக்குள் சுருட்டிக்கொண்டேன்.

அம்மா வாசலில் அழுதாள். "சாம்பிராணி காட்டாத புள்ளய நான் கண்டதில்ல. ஜன்னி கண்டா யாரு பதில் சொல்றது?"

எனக்கு முன்னால் பிறந்த ஒன்று இதே மாதக் குளிரில் போனது. அம்மா அதை வாயால் சொல்லவில்லை. அதற்குமேல் எனக்குக் கோபம் வரவில்லை. பாவமாக இருந்தது.

சாயங்காலம் கூப்பிட்டுப் பக்கத்தில் உட்காரவைத்தேன். "சாம்பிராணி எதுக்கும்மா? ஈரம் போகத்தானே?"

"வாசத்துக்கும்தான்."

"வாசம் அப்புறம் பாத்துக்கலாம்."

பழைய வேட்டியைக் கிழித்து, கரி அடுப்புக்கு மேல் பிடித்துச் சூடாக்கி, தலையில் ஒற்றச் சொன்னேன். ஒற்றினாள். இன்னொரு துண்டு. இன்னொன்று. உச்சந்தலையைத் தடவிப் பார்த்து "ம்" என்றாள். அவ்வளவுதான், ஒத்துக்கொண்டாள்.

புழு பாதி தின்னவில்லை. சேசுவே.

டிச. 14, சனி

தின்கின்றன! ஒரு தட்டு மட்டும் போயிற்று. அவர் குழியில் கொட்டி மூடினார். மற்றவை பிழைத்துக்கொண்டன.

கெம்பம்மா புருஷன் பிள்ளை பார்க்க வந்தார். வாசலிலேயே அம்மா மறித்தாள். "பீடியப் போட்டுட்டு, கை கழுவிட்டு வாங்க. உள்ள புழு இருக்குது." பிள்ளை இருக்கிறது என்று சொல்லவில்லை. நான் போர்வைக்குள் சிரித்தேன். தையல் இல்லாத உடம்பு, நன்றாகவே சிரிக்கலாம்.

நாளை: கரி, பூண்டு, விளக்குக்கு எண்ணெய். மூங்கில் தட்டி இரவல் – கெம்பம்மா.

டிச. 17, செவ்வாய்

காலையில் கெம்பம்மா ஒரு புழுவை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, "ஹண்ணாயித்து!" என்றாள். பழுத்துவிட்டது. உடம்பு திராட்சை மாதிரி மஞ்சளாய், ஊடுருவித் தெரிகிறது. "குளிர்ல நிக்காதுன்னேன். நின்னுடுச்சே" என்று அவளே சொன்னாள். 'பேட, பேட' என்றது யார் என்று கேட்க ஆசை. பிள்ளையைப் பார்த்துச் சிரித்துக்கொண்டேன்.

அவரும் அம்மாவும் நாளெல்லாம் பழுத்த புழுவைப் பொறுக்கி, கூடு கட்ட மூங்கில் தட்டியில் விட்டார்கள். மாமியாரும் மருமகனும் ஒரே தட்டில் கைவைத்து, பேசிச் சிரித்துக்கொண்டு.

டிச. 18, புதன்

நூல் இழுக்கத் தொடங்கிவிட்டன. தட்டி முழுக்க மஞ்சள் கூடு. அறை நிசப்தம்.

பிள்ளை காலையிலிருந்து ஓயாத அழுகை. பால் கொடுத்தாயிற்று. ஓமத் தண்ணீர், தோளில் போட்டு நடை, ஒன்றும் பலிக்கவில்லை. உடம்பில் சூடு இல்லை, வயிறு உப்பவில்லை. எனக்கே கொஞ்சம் கலக்கம்.

அம்மா ஏதோ யோசித்தாள். கொல்லைக்குப் போய் மீந்த காய்ந்த இலையை முறத்தில் அள்ளிவந்து, பிள்ளையின் தலைமாட்டில் உட்கார்ந்து, இரண்டு கையாலும் தேய்த்தாள். சரசர, சரசர. அழுகை நின்றது. கண் செருகித் தூங்கிவிட்டாள். பிறந்ததிலிருந்து அவள் கேட்ட சத்தம் அதுதானே.

தோட்டத்திலிருந்து அவர் வந்தார். சத்தம் கேட்டு நிலைப்படியில் நின்று, "என்ன அத்தை, மழையா?" என்றார்.

அம்மா கையை நிறுத்தவில்லை. "மாப்ள, பெங்களூரு கிங்களூருன்னு கிளம்பிடாதீங்க. போயி அடுத்த புழு முட்டைக்குச் சொல்லிட்டு வாங்க. எத்தினி நாளைக்கு நான் இப்பிடித் தேச்சிட்டு உக்காந்திருக்க முடியும்?"