மூவருக்கும் பங்கிட்ட பூச்சி மருந்து

பதுளை,
12.8.1965

அன்புள்ள சறோஜினிதேவிக்கு,

நயினை அம்பாள் துணையால் நான் நலம். இறுப்பிட்டியில் நீரும் பிள்ளைகளும் சுகமா என்று கேட்கத்தான் பேனையை எடுத்தேன். உமது கடிதத்தைத் திரும்ப வாசித்ததும் கோபம்தான் வருகிறது.

டாக்குத்தர் மூத்தவனைத் தராசில் ஏற்றி, அவனுடைய நிறைக்கென்று எழுதிக்கொடுத்த வயிற்றுப் பூச்சி மருந்து அது. இனிப்பென்று மற்ற இருவரும் அழுதார்களாம், நீர் மூவருக்கும் சரிசமமாகப் பங்கிட்டீராம். அது என்ன கோயில் பஞ்சாமிர்தமா? மூத்தவனுக்குப் பூச்சி போகவில்லை. மூன்று வயதுச் சின்னவள் நடக்க ஏலாமல் தள்ளாடி விழுந்திருக்கிறாள்.

எனக்கும் போன மாதம் வயிற்றுவலி. கேட்க ஆளில்லை. கடைக் கணக்கப்பிள்ளை மிச்சம் வைத்த பூச்சி மருந்தைக் குடித்துவிட்டுத் தலைசுற்றிச் சீனி மூட்டையில் சாய்ந்துவிட்டேன். "ஆருக்கோ குடுத்த மருந்தை நீர் ஏன் குடிச்சனீர்?" என்று இங்குள்ள டாக்குத்தர் ஏசினார். இப்போது சுகம், யோசிக்க வேண்டாம்.

போத்தலில் மிச்சமிருந்தால் வெளியே ஊற்றிவிடும். மூவரையும் டாக்குத்தரிடம் கூட்டிப்போய் ஒவ்வொருவருக்கும் நிறை பார்ப்பியும். அவர் சொல்லாமல் ஒரு துளியும் கொடுக்க வேண்டாம்.

தபால் எடுக்கும் நேரமாகிவிட்டது. நிறைகளை எனக்கும் எழுதும். நாள் முழுக்கச் சீனி நிறுக்கிறேன், சின்னவள் இப்போது எத்தனை இறாத்தலென்று எனக்குத் தெரியாது.

உமது,
ஆழ்வாப்பிள்ளை