வார்டிலிருந்து வந்தவள்

அன்புள்ள வக்கீலம்மாவுக்கு,

இங்கே நலம். குளியலறைக் குழாய் ஒருவழியாகச் சரியாகிவிட்டது. நீ போயிருக்கும் ஊர்ச் சிறைகளில் உன்னை உள்ளே விடவே இழுத்தடிக்கிறார்கள் என்று எழுதியிருந்தாய். எனக்கு இங்கே நேர்மாறு. வரச்சொல்லி அவர்களே கூப்பிட்டார்கள்.

போன செவ்வாய்க்கிழமை பெண்கள் சிறையின் நல அலுவலர் என் பள்ளிக்கூடத்துக்கே போன் செய்தார். உன் ஆராய்ச்சிக்காக நீ மூன்று வருடம் போய் வந்த வார்டில் பிறந்த அந்தச் சிறுமிக்கு ஆறு வயது முடிந்துவிட்டது. இனி அம்மாவோடு உள்ளே இருக்க முடியாது. சொந்தம் என்று யாரும் வரவில்லை. காப்பகத்துக்கு அனுப்ப வேண்டும், இல்லையென்றால் தாய் கைகாட்டும் ஆளிடம் ஒப்படைக்கலாம். தாய் உன் பெயரைச் சொல்லியிருக்கிறாள்.

முடியாது என்று சொல்லத்தான் போனேன். கம்பிக்கு அந்தப் பக்கம் அந்தத் தாய் நின்றுகொண்டு, "அக்கா கேள்வி கேக்கும்போதெல்லாம் இவ அவங்க மடியிலதான் சார் இருப்பா. வெளியில எனக்கு வேற யாரைத் தெரியும்" என்றாள். சொல்ல வந்ததை விழுங்கிவிட்டுக் கையெழுத்துப் போட்டேன்.

குழந்தை சமர்த்து. ஆனால் கதவைத் தானாகத் திறக்கமாட்டாள். யாராவது திறக்கும்வரை பக்கத்தில் நிற்பாள். முதல் நாள் படுக்கும்போது, "எண்ணிட்டீங்களா?" என்று கேட்டாள். "ரெண்டு பேர், கணக்கு சரி" என்றேன். உடனே தூங்கிவிட்டாள்.

உன் சீனியர் கொதித்துப் போயிருக்கிறார். சிறைப் பெண்களுக்காக நீங்கள் நடத்தும் வழக்கில், அடுத்த மாத விசாரணைக்கு உன் அறிக்கைதான் முக்கிய ஆதாரமாம். கைதியின் பிள்ளையை வீட்டில் வைத்திருப்பவள் நடுநிலையானவளா என்று அரசு வக்கீல் கிழித்துவிடுவாராம். "வாத்தியாரே, அவகிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கக் கூடாதா?" என்றார். கேட்டிருந்தால் வேண்டாம் என்றிருப்பாய். நீ சொல்லும் காரணமும் சரியாகத்தான் இருந்திருக்கும். அதனால்தான் கேட்கவில்லை. அந்தத் தீர்ப்பை நம்பி உள்ளே எத்தனை பெண்கள் இருக்கிறார்கள் என்று எனக்கும் தெரியும்.

நேற்று அவளைத் தெருக்கோடி வரை கூட்டிப் போனேன். "இதுக்கு மேலயும் போலாமா?" என்று கேட்டாள். பஸ் நிலையம் வரை போய்விட்டோம். காலில் கொப்புளம், எனக்குத்தான்.

திட்டுவதானால் திட்டு. அவளைக் காப்பகத்துக்கு அனுப்புவதா, வழக்கிலிருந்து நீ விலகுவதா, முடிவு உன்னுடையது, குறுக்கே நிற்கமாட்டேன். ஆனால் அதைக் கடிதத்தில் எழுதி அனுப்பாதே. நேரில் வா. எதுவானாலும் அவளை மடியில் உட்காரவைத்து நீயே சொல்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

உன்,
வாத்தியார்