திரையில் வந்த உங்கள் படம்

மைசூர்,
4.8.1998

அன்புள்ள அப்பாவுக்கு, மகள் கங்கவ்வாவின் வணக்கம். எனக்குக் காய்ச்சல் விட்டுவிட்டது. உங்கள் முட்டிவலி எப்படி இருக்கிறது?

நேற்று பல்கலைக்கழகத்தில் அணைகளைப் பற்றி ஒரு சிறப்புரை. திரையில் திடீரென்று நீங்கள்! அணைத் தண்ணீரில் போன நம் வீட்டு வாசலில், காலிசெய்யச் சொல்லி வந்த அதிகாரிகள் முன்னால் கைகூப்பி நிற்கிறீர்கள். "இவங்க எல்லாம் சந்தோஷமா ஊரை விட்டுக் கொடுத்தாங்க" என்றார் பேசியவர். எழுந்து நின்றேன், குரலே வரவில்லை. அதற்குள் அவர் பேச்சு முடிந்து எல்லாரும் கைதட்டிவிட்டார்கள்.

"வாயில என்னடி, கொழுக்கட்டையா?" என்று அறைத்தோழி நேத்ராவதி கேலி செய்தாள். நானும் சிரித்து வைத்தேன்.

வெள்ளிக்கிழமை நூலக அரங்கில் அவர் மறுபடி பேசுகிறார். கேள்வி கேட்கப் பெயர் கொடுத்திருக்கிறேன். அன்றைக்கு அந்த அதிகாரிகளிடம் என்ன சொல்லிக் கெஞ்சினீர்கள் அப்பா? யாரையாவது எழுதச் சொல்லுங்கள். கடலைச் சட்னிப் பொடியும் கொஞ்சம் அனுப்புங்கள்.

வகுப்புக்கு நேரமாகிவிட்டது. உங்கள் பதில் வெள்ளிக்கிழமைக்குள் வந்து சேராது என்று தெரியும். ஆனாலும் எழுதுங்கள்.

கங்கவ்வா