உம்மா காணாத வக்கடை

இறக்காமத்து வயலை விட்டு மையவாடி மண்ணுக்குள் போய்விட்ட என் அன்பு வாப்பாவுக்கு,

மூத்த மகளின் ஸலாம். உங்களை இழந்த உம்மா வீட்டுக்குள் இருந்த இத்தா முடிந்து இன்று மூன்றாம் நாள். நான்கு மாதமும் பத்து நாளும் உம்மா வாசற்படி தாண்டவில்லை. வயல் தன்பாட்டில் வளர்ந்தது.

வயலை முன்னின்று பார்க்கும் முல்லைக்காரர் ஆதம்பாவா மாமா கிழமைக்கு ஒருதரம் வருவார். அவர் சொல்வதை நான் திரைச்சீலைக்கு அப்பால் இருக்கும் உம்மாவிடம் கொண்டுபோவேன். விவசாயப் பாடத்தில் முதலாவதாக வரும் எனக்கு அவர் பேச்சில் பாதி விளங்கவில்லை. அவர் சொற்களை எழுதிவைக்கவென்றே ஒரு கொப்பி போட்டேன். தண்ணீர் போகவர வரம்பில் வெட்டிய வாய், வக்கடை. கதிர் வெளிவராமல் தண்டுக்குள் பொதிந்திருக்கும் பருவம், குடலை. உங்களுக்கே விளங்கப்படுத்துகிறேன், சிரிக்காதீர்கள்.

ஒருநாள் வாய்க்காலில் தண்ணீர் குறைந்துவிட்டது என்று மாமா வந்து நின்றார். உங்கள் தம்பி, சாச்சாவும் இருந்தார். அவர்தான் கதையைத் தொடங்கினார்.

“வயலக் குத்தகைக்குக் குடுத்திருவம். ஒரு பொம்புளையும் கலியாணம் முடிக்காத ரெண்டு குமருகளும்! வக்கடையக் கண்டதா, வரம்பக் கண்டதா?”

நீங்கள் காடு வெட்டி எடுத்த வயலல்லவா? அப்போது திரைக்குப் பின்னாலிருந்து உம்மாவின் குரல் வந்தது.

“ஆதம்பாவாத் தம்பி, கதிர் வெளிய வந்திட்டா, இன்னும் குடலையா?”

“குடலதான் ராத்தா.”

“அப்ப வக்கடையக் கட்டி, இரிக்கிற தண்ணிய மறிச்சு வைங்க. இப்ப காஞ்சா மணி பிடிக்காது, பதர்தான் மிஞ்சும்.”

மாமா சிரித்துவிட்டார். “ஓம் ராத்தா. காக்கா கதைக்கிற மாதிரியே இரிக்கி!” காக்கா என்று உங்களைத்தான் சொன்னார்.

சாச்சா தேத்தண்ணியை ஊதி ஊதிக் குடித்தார். குத்தகைக் கதையை அதன்பின் எடுக்கவில்லை.

எப்படித் தெரியும் என்று உம்மாவிடம் கேட்டேன். “உங்க வாப்பா சோறு திங்கிற நேரமெல்லாம் இதத்தானே கதைச்சார்?”

நானும் அந்தப் பாயில்தானே இருந்தேன், வாப்பா? மடியில் புத்தகத்தை விரித்துக்கொண்டு, “ஓம், ஓம்” என்றேன். சுவரோடு கதைப்பதாக நினைத்தீர்களா?

நெல் நன்றாக விளைந்தது. நேற்று உம்மாவை வயலுக்குக் கூட்டிப்போனோம். அறுத்த தாள்தான் நின்றது. உம்மா வரம்பில் மெல்ல நடந்துபோய், மாமா காட்டிய இடத்தில் குனிந்து பார்த்தார்.

“இதுதானா வக்கடை? இவ்வளவு சின்னதா?”

அதை நேற்றுத்தான் முதன்முதலாகக் கண்டார், வாப்பா.

அடுத்த போகமும் நாங்களே விதைப்போம். சோற்றுக் கோப்பைக்கு முன்னால் இனி நான் புத்தகம் விரிக்க மாட்டேன். உம்மா கதைப்பார், நான் கேட்பேன்.

சோற்றுப் பாயில் உங்கள் இடப்பக்கம் இருந்த மகள்,
நஸீமா