பட்டப்பகலில் அடித்த ஃப்ளாஷ்

2006 தை, ஞாயிறு இரவு

பொங்கலூர் குதிரை வண்டிப் பந்தயத்தில் இன்று எங்கள் குதிரை மிரண்டு வண்டி கவிழ்ந்தது. ஓட்டிய என் வீட்டுக்காரருக்குத் தோள்பட்டை எலும்பு முறிந்துவிட்டது. ஊசி போட்டதில் இப்போதுதான் கண்ணயர்ந்தார். எனக்குத்தான் தூக்கம் வரவில்லை.

குதிரை மிரண்டது என் தம்பி செந்திலால். ரோட்டோரம் அத்தனை பேர் ஒதுங்கி நின்று படம் எடுக்க, இவன் மட்டும் முன்னால் வந்து குதிரையின் முகத்துக்கு நேரே ஃப்ளாஷ் அடித்தான். பின்னால் வந்த இவன் முதலாளியின் குதிரை முந்திப் போய் ஜெயித்தது.

"புதுக் கேமராங்கக்கா, அதுவா அடிச்சிருச்சுங்க. அணைக்கத் தெரியலீங்க" என்று ஆஸ்பத்திரியில் அழுதான். கூடவே நானும் அழுதேன்.

"பனியன் கம்பெனீல தினமும் சாம்பிள் போட்டோ எடுக்கறவனுக்கா தெரியாது?" என்று இவர் முனகினார். வலியில் பேசுகிறார் என்று நான்தான் அடக்கினேன். கூடப் பிறந்தவனை எப்படிச் சந்தேகப்படுவது?

சாயங்காலம் செந்தில் வீட்டுக்கு வந்தான். உள்ளறை இருட்டில் தொட்டிலில் தூங்கிய பாப்பாவைப் படம் எடுக்க அதே புதுக் கேமராவை நீட்டினான்.

"வேண்டாங் கண்ணு, லைட்டு அடிச்சா எந்திரிச்சுக்குவா" என்றேன்.

கேமராவைப் பார்க்காமலே ஒரு பொத்தானை அழுத்தினான்.

"அணைச்சுட்டனுங்கக்கா. மூஞ்சிக்கு நேரா அடிச்சாப் புள்ள மிரண்டுக்குமுங்கல்ல?"

படம் எடுத்தான். பாப்பா அசையவே இல்லை.