தேனுக்கு உப்பு

14.6.1978, புதன்

இன்று மலைமேல் புளியமரத்தடியில் சுவிசேஷம் சொன்னேன். ஆண்டவரின் மன்னிப்புக்கு நாம் ஈடாக எதுவும் தர வேண்டாம், வாங்கிக்கொண்டால் போதும் என்று தொண்டை வலிக்கப் பேசினேன். கேட்டுக்கொண்டிருந்த காளியம்மா, நான் கிளம்பும்போது ஒரு குடுவை தேன் கொடுத்தாள். எனக்குக் கூச்சமாகிவிட்டது. போளூரில் வாங்கி வந்திருந்த உப்பில் பாதியை அவளிடம் நீட்டினேன். அவள் முகம் வாடிவிட்டது.

"இன்னாங்க ஐயா, நான் யாவாரமா பண்ண வந்தேன்? சும்மா வாங்கிக்கச் சொல்லி எங்களுக்குச் சொல்றீங்க. உங்களுக்கு வாங்கிக்கத் தெரிலியே."

உப்பைப் பையிலேயே போட்டுக்கொண்டேன். தேன் குடுவையை மார்போடு அணைத்தபடி மலை இறங்கினேன். இப்போது ஒரு சொட்டு தொட்டு நக்கினேன். மகராசி. அடுத்த முறை அவளுக்கு என்ன கொண்டுபோகலாம் என்று மனம் இன்னும் கணக்குப் போடுகிறது.